ஜெர்மனியில் கிடைத்த நஷ்டஈடு கஞ்சிக்கோட்டுப் பட்டறைக்குக் கிடைக்குமா?

வாளையாற்றுக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் பட்டறை என்று இருக்கும் ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கணவர் 1999இல் கேரளத்துக் கஞ்சிக்கோட்டில் தொடங்கிய ஃபோர்ஜிங் பட்டறை, அதாவது இரும்பைக் காய்ச்சி அடித்து உருவாக்கும் பட்டறை. போல்ட், நட், யு-போல்ட் செய்கிறார்கள். 2019இல் கணவர் இறந்த பிறகு இவர்தான் நடத்துகிறார். வேலையாட்கள் 14 பேர். அவர்களில் பாதிப் பேர் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழர்கள். ஆண்டுக்கு மூன்று கன்டெய்னர், ஏறக்குறைய 60 டன் சரக்கு ஜெர்மனிக்குப் போகிறது. இப்போது மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி. மாசுக் கட்டுப்பாட்டு அனுமதியைப் புதுப்பித்துக் கொடுத்தவர்கள், ஆறு மாதத்துக்குள் ஃபர்னஸ் ஆயிலை நிறுத்திவிட்டு கேஸுக்கோ மின்சாரத்துக்கோ மாற வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். இண்டக்‌ஷன் ஹீட்டருக்குக் கொட்டேஷன் 38 லட்சம். அதே மாதத்தில் ஜெர்மன் கம்பெனி, "இனி கார்பன் வரி வருகிறது, 8 சதவீதம் விலை குறைக்க வேண்டும், கார்பன் கணக்கும் அனுப்ப வேண்டும்" என்று மெயில் போட்டிருக்கிறது.

ஐரோப்பாவில் நிலக்கரிக் கம்பெனிகளுக்கு அரசாங்கமே 40,000 கோடி நஷ்டஈடு கொடுத்தது, நாமும் மெட்ராஸ் ஹைகோர்ட்டில் ரிட் போடலாம் என்கிறார் அண்ணன் மகன். கூரையில் இருக்கும் சோலாரை வைத்து கார்பன் கிரெடிட் (புகையைக் குறைத்ததற்குக் கிடைக்கும், விற்கக் கூடிய சான்று) வாங்கித் தருகிறேன், மூன்று லட்சம் ஃபீஸ் என்கிறார் ஒரு கன்சல்டன்ட். இடத்தை விற்றுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்கிறார் கொழுந்தனார். "சட்டம் போட்டுச் செலவு வைக்கிறவர்கள்தானே நஷ்டஈடு தர வேண்டும்? யாரிடம் கேட்பது?" இதுதான் அவருடைய கேள்வி.

அம்மா, அதற்கு வருவதற்கு முன் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

முப்பது நாள் கணக்கு

காற்று மாசுச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதியிலோ அதன் நிபந்தனையிலோ குறை இருந்தால், உத்தரவு உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும். அந்தச் சட்டத்தின் 31ஆவது பிரிவு இது. நீங்கள் கடிதம் எழுதும்போதே 19 நாள் ஓடியிருந்தது. இந்தப் பதில் அச்சாகும்வரை காத்திருக்கக் கூடாது என்றுதான் இந்த ஒரு விஷயத்தை மட்டும் அன்றைக்கே உங்களுக்குத் தனியாகத் தெரியப்படுத்தினேன். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் "அண்ணன் மகனோடு பேசிக்கொண்டிருந்தேன்" என்பதைத் தக்க காரணமாக எந்த அதிகாரியும் எடுத்துக்கொள்ள மாட்டார்.

மெட்ராஸ் ஹைகோர்ட் பேச்சை விட்டுவிடுங்கள். பட்டறையும் உத்தரவும் கேரளத்தில் இருக்கின்றன. ரிட் போடுவதென்றாலும் எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் முதல் கேள்வி, "மேல்முறையீடு இருக்கும்போது ஏன் நேராக இங்கே வந்தீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். மேல்முறையீட்டிலும் சரிவரவில்லை என்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. கேரளத்து வழக்குகளையும் விசாரிக்கும் அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் உட்காருகிறது. சென்னைக்கு வழி அப்படித்தான் வருமே தவிர, ஹைகோர்ட் வழியாக வராது.

உத்தரவு மலையாளத்தில் இருந்ததால் பக்கத்துக் கடைப் பையனை வைத்துப் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். நகலை நானும் பார்த்தேன். பையன் ஒரு வரியை விட்டுவிட்டான். மூன்றாம் பக்கத்தின் அடியில், ரப்பர் ஸ்டாம்புக்கு மேலே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. மாற்றத்துக்கான கால அட்டவணையை நீங்களே எழுதித் தந்தால் பரிசீலிக்கப்படும் என்கிறது அது. 38 லட்சம் என்ற எண்ணில் கண் நிலைத்துவிட்டால் இந்த மாதிரி வரி யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டால் முழு உத்தரவிலும் உங்களுக்கு அதிகம் பயன்படப்போவது இந்த வரிதான். குறைதீர்க்கக் கேட்கும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது அரசமைப்பின் 350ஆவது பிரிவு. தமிழில் எழுதுங்கள். ஆனால் கூடவே ஓர் ஆங்கிலப் பிரதியும் வையுங்கள். உரிமை இருப்பது உண்மை, ஃபைல் நகர வேண்டும் என்பதும் உண்மை.

ஐரோப்பாவில் யாருக்குக் கிடைத்தது

அண்ணன் மகன் சொன்னது பொய் இல்லை, பாதிக் கதை. பழுப்பு நிலக்கரி மின் நிலையங்களை மூடுவதற்காக ஜெர்மனி இரண்டு கம்பெனிகளுக்கு மொத்தம் 435 கோடி யூரோ ஒதுக்கியது. ஆர்டபிள்யூஈ கம்பெனிக்கு 260 கோடி, லேயாக் கம்பெனிக்கு 175 கோடி. நம் பணத்தில் அந்த 40,000 கோடி ரூபாய் இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் வழக்குப் போட்டு ஜெயித்து வாங்கிய பணம் இல்லை அது. நாடாளுமன்றம் சட்டம் போட்டு, கம்பெனிகளோடு பேரம் பேசி, ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தைக் குறிப்பிட்ட தேதியில் அடியோடு மூடு என்று சொன்னதற்கான விலை. எரிபொருளை மாற்று என்று சொன்னதற்குக் கொடுத்தது இல்லை.

அதே ஆர்டபிள்யூஈ பக்கத்து நாடான நெதர்லாந்தில் என்ன ஆனது என்று பாருங்கள். 2030 முதல் நிலக்கரியில் மின்சாரம் எடுக்கக் கூடாது என்று அந்த நாடு 2019இல் சட்டம் போட்டது. கட்டி முடித்துச் சில ஆண்டுகளே ஆன நிலையங்கள் அவை. ஆர்டபிள்யூஈ, யூனிப்பர் உள்ளிட்ட கம்பெனிகள் நஷ்டஈடு கேட்டு ஹேக் நகர நீதிமன்றத்துக்குப் போயின. 2022 நவம்பரில் தள்ளுபடி. இப்படி ஒரு கட்டுப்பாடு வரும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கக் கூடியதுதான், பத்து ஆண்டு அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள், பிறகு என்ன நஷ்டஈடு என்றது கோர்ட். எரிசக்தித் துறை முதலீடுகளைக் காக்கப் பல நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட எரிசக்தி சாசன ஒப்பந்தத்தின் கீழ் ஆர்டபிள்யூஈ தனியாகத் தொடுத்திருந்த 140 கோடி யூரோ நடுவர் வழக்கையும் பிறகு அதுவே வாபஸ் வாங்கிவிட்டது. இத்தாலியில் கடல் எண்ணெய்த் திட்டத்தைத் தடுத்ததற்காக ராக்ஹாப்பர் என்ற பிரிட்டிஷ் கம்பெனிக்குச் சுமார் 19 கோடி யூரோ தர வேண்டும் என்று 2022இல் நடுவர்கள் சொன்னார்கள். 2025இல் அந்தத் தீர்ப்பே ரத்தாகிவிட்டது.

இந்த நடுவர் வழக்குகளெல்லாம் ஒரு நாட்டு முதலீட்டாளர் இன்னொரு நாட்டு அரசின் மீது தொடுப்பவை. நீங்கள் இந்தியக் குடிமகள், பட்டறை இந்தியாவில், உத்தரவு போட்டதும் இந்திய அதிகாரி. அந்தக் கதவு உங்களுக்காக வைத்தது இல்லை. போதாக்குறைக்கு இந்தியா அந்த எரிசக்தி சாசனத்தில் சேரவே இல்லை. 2016இலிருந்து நம் அரசு பயன்படுத்தும் மாதிரி முதலீட்டு ஒப்பந்தமும், சுற்றுச்சூழலைக் காக்கப் பாரபட்சமில்லாமல் எடுக்கும் நடவடிக்கையைச் சொத்துப் பறிப்பாகக் கருதக் கூடாது என்றே சொல்கிறது.

நம் சட்டத்தில் என்ன நிலை

சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் எடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 300ஏ பிரிவு. உங்கள் உலையை யாரும் எடுக்கவில்லை. வேறு எரிபொருளில் ஓட்டச் சொல்கிறார்கள். தொழில் செய்யும் உரிமை 19ஆவது பிரிவில் இருக்கிறது, நியாயமான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு. கட்டுப்பாடு வந்தாலே நஷ்டஈடு என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

சொல்லப்போனால் நம் நீதிமன்றங்களில் பணம் எதிர்த் திசையில்தான் போகிறது. 1996 ஆகஸ்டில் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாகவே ஏற்றது. அன்றைய வடஆற்காடு உட்பட ஐந்து மாவட்டங்களில் இருந்த தோல் ஆலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்றது. ஆம்பூர், வாணியம்பாடியில் அந்தத் தீர்ப்பை இன்றைக்கும் மறக்காதவர்கள் உண்டு. நஷ்டஈடு கேட்டு நீங்கள் கோர்ட் ஏறினால், எதிர்த்தரப்பு முதலில் தூக்கிக் காட்டுவது இதைத்தான்.

ஆனால் இரண்டு விதிவிலக்கு இருக்கிறது, இரண்டையும் மனதில் வையுங்கள்.

ஒன்று, அரசு கொடுத்த வாக்கு. ஒரு தொழில் கொள்கையில் இன்ன சலுகை தருவோம் என்று அரசு அறிவித்து, அதை நம்பி நீங்கள் பணம் போட்டிருந்தால், பிறகு இல்லை என்று சொல்வதைக் கோர்ட் எளிதில் விடாது. 1978 டிசம்பரில் மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை வழக்கில் விற்பனை வரி விலக்குக்காக உச்ச நீதிமன்றம் சொன்னது இது. 2020இல் ஜார்க்கண்ட் மின் தீர்வைச் சலுகை வழக்கிலும் வாக்குக் கொடுத்த அரசு அதற்கேற்ப நடக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு மதிப்புக் கொடுத்தது. உங்கள் கணவரின் பழைய ஃபைலில், நிலம் ஒதுக்கிய காலத்துக் கடிதங்களில், மின்கட்டணம், தீர்வை பற்றி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள். வாய்வார்த்தை உதவாது.

இரண்டு, ஒப்பந்தம். நம் நாட்டிலும் சுற்றுச்சூழல் விதியால் ஆன செலவைத் திரும்ப வாங்கிய கம்பெனிகள் உண்டு. அனல் மின் நிலையங்கள்தான் அவை. 2015 டிசம்பரில் புகை வரம்புகளைக் கடுமையாக்கி மத்திய அரசு அறிவிக்கை போட்டதும், கந்தகத்தைப் பிரிக்கும் கருவிக்கான செலவை மின்கட்டணத்தில் ஏற்றக் கேட்டார்கள், ஒழுங்குமுறை ஆணையமும் ஒப்புக்கொண்டது. காரணம், அவர்களுடைய மின்கொள்முதல் ஒப்பந்தத்தில் "சட்டம் மாறினால் அதனால் வரும் செலவை வாங்குபவர் ஏற்க வேண்டும்" என்று ஒரு ஷரத்து இருந்தது. அவர்களுக்குப் பணம் வந்தது கோர்ட்டின் கருணையால் இல்லை, கையெழுத்துப் போடும் முன் எவரோ ஒரு வக்கீல் எழுதிவைத்த ஒரு பத்தியால்.

ஜெர்மன் கம்பெனி கேட்கும் 8 சதவீதம்

அதனால்தான் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஜெர்மன் மெயிலை நான் பெரிதாகப் பார்க்கிறேன். ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரி, சிபாம் என்பார்கள், 2023 அக்டோபரிலிருந்து, சரக்கைச் செய்யும்போது எவ்வளவு கார்பன் வெளியானது என்ற கணக்கு மட்டும் கேட்டது. 2026 ஜனவரி முதல் பணமும் கேட்கிறது. இரும்பு, எஃகு அதில் வருகிறது. போல்ட், நட் அடங்கும் 7318 என்ற சுங்க எண்ணும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அதைக் கட்ட வேண்டியவர் அங்கே இறக்குமதி செய்பவர். நீங்கள் இல்லை. அவர் அதை உங்கள் விலையில் கழிக்கப் பார்ப்பது பேரம், சட்டம் இல்லை.

முதலில் பர்சேஸ் ஆர்டரை எடுத்து டெலிவரி நிபந்தனையைப் பாருங்கள். எஃப்ஓபி கொச்சி என்றால் கப்பலில் ஏற்றியதோடு உங்கள் பொறுப்பு முடிந்தது. டிடிபி என்று இருந்தால் இறக்குமதி நாட்டு வரிகளெல்லாம் விற்பவர் தலையில். அடுத்த ஆர்டரில் நைசாக டிடிபி என்று மாற்றி அனுப்பினால் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்து, 8 எப்படி வந்தது என்று கணக்குக் கேளுங்கள். ஐரோப்பிய ஆலைகளுக்குப் புகை விடுவதற்காகக் கொடுத்துவந்த இலவச கார்பன் உரிமங்கள் 2026இலிருந்து படிப்படியாகக் குறைந்து 2034இல் நிற்கும். அது குறையக் குறைய இந்த வரி ஏறும். முதல் ஆண்டிலேயே நிரந்தரத் தள்ளுபடி கொடுத்துவிட்டால் பிறகு ஏறும்போது எதைக் கொடுப்பீர்கள்? இத்தனை ஆண்டு அங்குள்ள ஆலைகளுக்கு இலவச உரிமம், நமக்கு நேராக வரி என்பது நியாயமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் அது நியாயமாகத் தெரியவில்லை. ஆனால் அந்த வழக்கை நடத்த வேண்டியது டெல்லி, உங்கள் 60 டன் இல்லை.

ஆண்டுக்கு 50 டன்னுக்குள் இருந்தால் வரி இல்லை என்று ஒரு வரம்பு உண்டு. அதை நம்பிக் கன்டெய்னரைக் குறைக்க நினைக்க வேண்டாம். அந்த 50 டன் ஓர் இறக்குமதியாளர் எல்லாரிடமும் வாங்கும் மொத்தம். உங்களிடம் மட்டும் வாங்கும் அளவு இல்லை.

கணக்கு அனுப்பும் விஷயத்தில் முறைக்காதீர்கள். உண்மைக் கணக்கு இல்லாவிட்டால் ஐரோப்பிய ஆணையம் வைத்திருக்கும் பொது அளவைப் போடுவார்கள், அது பெரும்பாலும் உங்களுக்குப் பாதகம். அனுப்பும் கணக்கை அங்கீகாரம் பெற்ற ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்பதால் அந்தச் செலவு யாருடையது என்றும் இப்போதே பேசுங்கள். போல்ட்டில் இருக்கும் கார்பனில் பெரும்பகுதி உங்கள் உலையில் வருவது இல்லை, நீங்கள் வாங்கும் கம்பியிலேயே வந்துவிடுகிறது. ஊதுலையில் செய்த எஃகு டன்னுக்கு 2 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்கியதென்றால் அதைவிட மிகக் குறைவு. ஆகவே கம்பி கொடுக்கும் மில்லிடம் மில் டெஸ்ட் சர்டிபிகேட்டோடு கார்பன் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஒப்பந்தத்தில், சிபாம் செலவு கூடினாலும் குறைந்தாலும் இன்ன விகிதத்தில் இருவரும் பகிர்ந்துகொள்வோம் என்று ஒரு பத்தி சேருங்கள். மின் நிலையங்களுக்கு இருந்த அந்தப் பத்தி, உங்களுக்கு.

சோலார் கன்சல்டன்ட் கதை இங்கேயே முடிந்துவிடும். எஃகுக்கு நேரடியாக வெளியாகும் புகையை மட்டுமே சிபாம் கணக்கில் எடுக்கிறது. வாங்கும் மின்சாரத்தின் கார்பனைப் பார்ப்பதில்லை, கூரை சோலாரால் அதில் ஒன்றும் குறையாது. தனியாக வாங்கிவைத்த கிரெடிட்டையும் கழிக்க விடமாட்டார்கள். வருமானக் கணக்காவது பார்ப்போமா? உங்கள் 50 கிலோவாட் ஆண்டுக்குச் சுமார் 70,000 யூனிட் தரும். யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று வைத்தால் ஏறக்குறைய 50 டன். டன்னுக்கு 500 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 25,000. இதற்கு ஃபீஸ் மூன்று லட்சம். இந்தியக் கார்பன் சந்தைத் திட்டம் 2023இல் அறிவித்தது உண்மைதான். சிமென்ட், அலுமினியம், காகிதம், குளோர்-ஆல்கலி ஆகிய துறைகளின் பெரிய ஆலைகளுக்குத்தான் முதலில் இலக்கு வைத்தார்கள். அந்தக் கட்டாயம் உங்கள் பட்டறைக்கு இல்லை.

நஷ்டஈடு இல்லை, மானியம் உண்டு

சிறு தொழில்கள் ஆற்றலை மிச்சப்படுத்தும் கருவிக்கு மாற, மத்திய ஆற்றல் திறன் பணியகம் 2025 ஜூலையில் 1,000 கோடியில் அடீட்டி என்ற திட்டத்தைத் தொடங்கியது. குறு, சிறு நிறுவனங்களின் கடன் வட்டி விகிதத்தில் 5 சதவீதப் புள்ளியை அரசு ஏற்கும். துறைப் பட்டியலில் ஃபோர்ஜிங் இருக்கிறது. ஆனால் முதல் கட்டம் 60 தொழில் தொகுப்புகளுக்குத்தான். கஞ்சிக்கோடு எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதைப் பாலக்காடு மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். ஹீட்டருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். வாங்கிவிட்டு மானியம் கேட்டுப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பியதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதில் நீங்கள் கவனிக்காத ஒரு முடிச்சு இருக்கிறது. நீங்கள் அனுப்பிய உத்யம் சான்றிதழில், அதாவது சிறு தொழில் பதிவுச் சான்றில், முகவரி கோயம்புத்தூர் மாவட்டம், வீட்டு முகவரி. பட்டறை இருக்கும் இடம் என்ற கட்டத்திலும் அதே. பதிவு செய்யும்போது ஆடிட்டர் அப்படிப் போட்டிருப்பார். தமிழ்நாட்டு மானியம் தமிழ்நாட்டில் ஓடும் பட்டறைக்கு, கேரளத்து மானியம் கேரளத்தில் ஓடும் பட்டறைக்கு. இப்போதைய நிலையில் இரண்டு மாநிலமும் உங்களை அடுத்தவரிடம் போகச் சொல்லும். பட்டறை முகவரியைக் கஞ்சிக்கோடு என்று முதலில் திருத்துங்கள்.

அதிகாரிக்கு எழுதும் மனுவில் நஷ்டஈடு என்ற வார்த்தையே வேண்டாம். கேட்க வேண்டியது அவகாசம். ஹீட்டர் கொட்டேஷன், சப்ளை செய்ய ஆகும் காலம், பேங்கில் கொடுத்த கடன் விண்ணப்பம், கூடுதல் மின்லோடுக்கு விண்ணப்பித்த ரசீது, கேஸ் இணைப்பு கிடைக்குமா என்று கம்பெனிக்கு எழுதிய கடிதம் எல்லாவற்றையும் இணைத்து, 18 மாதத்துக்கு மாதவாரியாக ஓர் அட்டவணை கொடுங்கள். கூற்றநாடு–வாளையாறு குழாய் வந்திருப்பதால் கேஸ் கணக்கையும் ஹீட்டர் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பழைய உலைக்கு பர்னரை மட்டும் மாற்றினால் போதும் என்று ஆகலாம். இதே வரிசையில் இருக்கும் வேறு பட்டறைக்கு அதிக அவகாசம் கொடுத்திருந்தால் அந்த உத்தரவின் நகலையும் வாங்குங்கள். சமமாக நடத்தவில்லை என்ற வாதம், நஷ்டஈடு வாதத்தைவிடப் பல மடங்கு வலுவானது. மனு கொடுத்ததால் 30 நாள் நிற்காது. மேல்முறையீட்டையும் கூடவே போட்டுவையுங்கள்.

கொழுந்தனார் சொல்வதுபோல மூடுவதும் ஒரு வழிதான், தப்பில்லை. ஆனால் மூடினால் நஷ்டஈடு தருகிற இடத்தில் நீங்கள்தான் இருப்பீர்கள். வேலையாட்களுக்கு ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், அதோடு கிராஜுவிட்டி. 1999இலிருந்து இருக்கும் ஹாமர்மேன் ஒருவருக்கே எவ்வளவு வருகிறது என்று போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு இடத்தின் விலையைப் பேசுங்கள்.

உத்தரவு வந்த பதிவுத் தபால் உறையைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? அதிலிருக்கும் தபால் முத்திரைத் தேதியும், உத்தரவில் அச்சான தேதியும் ஒன்பது நாள் வித்தியாசம். 30 நாளை எதிலிருந்து எண்ணுவது என்ற கேள்வி வந்தால் அந்த உறைதான் சாட்சி. கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, உத்தரவோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.